தலை எண்ணும் நாளில் ஒன்பது பழம்பொரி

திருவனந்தபுரம் விமான நிலையத்து வாசலில் நின்றவர்கள் இவர்கள். அலமேலு டீச்சர், எங்களை அழைத்த பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுப்பவர். அவர் வீட்டுக்காரர் வெங்கிட்டு, கல்யாணச் சமையல் வேலை. ராஜப்பன், ஆட்டோக்காரர், கையில் பெயர் எழுதிய அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். எங்கள் பக்கம் அதிபர் அம்மா, எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். அவருக்குப் பின்னால் மூன்று பெட்டியோடு நான். ஆக ஐந்து பேர், ஒரு ஆட்டோ. வெங்கிட்டு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். எங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அவர்தான்.

அட்டையில் என் பெயருக்கு முன்னால் ஆசிரியர் என்று இருந்தது. சந்தனம் என்பது சரி. ஆசிரியர் என்பது தப்பு. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சிற்றூழியன். மணி அடிப்பேன், கக்கூஸ் கழுவுவேன், பிள்ளைகளோடு காய்கறிப் பாத்தி போடுவேன். இரண்டு நாட்டுப் பள்ளிக்கூடங்களும் ஆசிரியர்களை மாற்றி அனுப்பிப் பார்க்கும் திட்டம் ஒன்று. அதிபர் அம்மாவும் விவசாய டீச்சரும் வருவதாக இருந்தது. விவசாய டீச்சர் பாத்தியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். பாத்தி நான் போட்டது. வேறு யாருக்கும் பாஸ்போர்ட் இல்லை. எனக்கு இருந்தது, ஒரு தடவை சவூதிக்குப் போகப் பார்த்து முடியாமல் போனபோது எடுத்தது.

தோட்டத்திலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் ஏழு மணி நேரம். கொழும்பிலிருந்து இந்தியாவுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. வெளிநாடு பக்கத்தில்தான் இருக்கிறது. தலைநகரம்தான் தூரம்.

அலமேலு டீச்சர் வீடு ஸ்ரீவராகத்தில். ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள், வாசலில் கோலம். அதிபர் அம்மாவுக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் வீட்டு மாடியில் அறை. எனக்கு டீச்சர் வீட்டு முன்னறை. எங்கள் ஊரில் பெரிய வீட்டுக்குப் போனால் எங்களுக்குப் பின்வாசல். பழக்கத்தில் வீட்டைச் சுற்றிப் பின்வாசலைத் தேடினேன். வெங்கிட்டு அதைப் பார்த்துவிட்டு, "டாய்லெட் அந்தப் பக்கமாக்கும்" என்று காட்டினார். சரி என்று போய்விட்டு வந்தேன். போகாவிட்டால் அவருக்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

"மாஷே, அங்க ஏன் நிக்கறேள்? இலை போட்டாச்சு. உள்ள வாங்கோ" என்றார் டீச்சர். ஆண் வாத்தியாருக்கு அங்கே மாஷ் என்று பெயர். அன்றிலிருந்து ஒரு வாரம் நான் மாஷ்.

கூடத்தில் உட்காரவைத்துப் போட்டார்கள். அவியல், பப்படம், புளிசேரி. குடிக்க வைத்த தண்ணீர் இளஞ்சிவப்பாகச் சூடாக இருந்தது. வெறும் தேநீர் என்று நினைத்தேன். சீனி இல்லை. சாயமும் சரியாக இறங்கவில்லை. பாவம், தேயிலைக்குக் கஷ்டம் போல என்று மூன்று டம்ளர் குடித்து, "நல்ல தேயிலை" என்றேன்.

டீச்சர் வெங்கிட்டைப் பார்த்தார். வெங்கிட்டு இலையைப் பார்த்தார்.

"அது பதிமுகம் போட்டுக் காய்ச்சின வெள்ளமாக்கும் மாஷே. மரப்பட்டை. இங்க எல்லாரும் குடிப்பா."

ஐம்பத்துநான்கு வருடம் தேயிலைக்கு நடுவில் இருக்கிறேன். இனி எங்கள் தோட்டத்தில் தேயிலையைப் பற்றி நான் வாய் திறக்க முடியாது.

மறுநாள் வியாழக்கிழமை பள்ளிக்கூடம். ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்து நாலாவது நாள். மழை. மலையாளப் பிரிவு பெரியது. தமிழ்ப் பிரிவு ஒன்றிலிருந்து நான்கு வரை, இரண்டு அறை. பிள்ளைகள் பாதிக்கு மேல் தென்காசி, திருநெல்வேலியிலிருந்து கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வந்தவர்களுடைய பிள்ளைகள். வகுப்பில் தமிழ் படித்தார்கள். வெளியே வந்ததும் மலையாளத்தில் சண்டை போட்டார்கள்.

காலைக் கூட்டத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ், "மாஷ் ரெண்டு வார்த்தை பேசுவார்" என்றார். நான் சரியாக இரண்டு வார்த்தை பேசினேன். "வணக்கம். வந்தோம்." பிள்ளைகள் கை தட்டினார்கள். அடுத்து அதிபர் அம்மா இருபத்தைந்து நிமிடம் பேசினார். பாதியில் முதல் வகுப்பு முழுவதும் உட்கார்ந்துவிட்டது.

ஒரு பையன் என்னிடம் வந்தான். "மாஷே, நீங்க சிலோன்தானே? கிரிக்கெட் களிப்பீங்களா?"

"இல்லை."

"பின்னே என்னா தெரியும்?"

"உரம் போடத் தெரியும்."

அவன் கூட்டாளிகளிடம் போய் ஏதோ சொன்னான். அன்று முழுக்க என்னைப் பார்க்கும்போதெல்லாம் மூக்கைப் பிடித்தார்கள்.

மத்தியானம் அலமேலு டீச்சர் சாப்பிடவில்லை. ஹாஜர் புத்தகத்தைத் திறந்து வைத்து விரலால் எண்ணிக்கொண்டிருந்தார். திரும்பவும் எண்ணினார். நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"ஸ்கூல் தொறந்து ஆறாவது நாள் ஆஃபீஸர் வந்து தலை எண்ணுவார் மாஷே. கொறே வருஷமா கம்ப்யூட்டர்ல போட்டாப் போறும்னு இருந்தது. இந்த வருஷம் நேர்ல வராராம். அன்னிக்கு எத்தனை தலையோ அதுதான் வருஷம் முழுக்கக் கணக்கு."

முப்பத்தொரு பிள்ளை இருந்தால் தமிழ்ப் பிரிவுக்கு இரண்டு டீச்சர். முப்பது என்றால் ஒரு டீச்சர் போதும். வீட்டுக்குப் போக வேண்டியவர் கடைசியாகச் சேர்ந்தவர். கடைசியாகச் சேர்ந்தவர் அலமேலு டீச்சர்.

"ஒம்பது வருஷம் அங்கயும் இங்கயும் தினக்கூலி மாதிரி ஓடினேன். போன வருஷந்தான் இந்தப் போஸ்ட் நேக்குக் கெடச்சது. ஒத்தத் தலை கொறஞ்சா போயாச்சு."

புத்தகத்தில் இருந்தது முப்பத்தொரு பெயர். அன்று வந்தது இருபத்தாறு. ஆறாவது நாள் திங்கட்கிழமை.

வராத ஐந்தில் இரண்டு பேர் அண்ணன் தம்பி, காய்ச்சல். இரண்டு பேர் அக்கா தங்கை, ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவார்கள் என்று போனில் சொன்னார்கள். மிச்சம் ஒரு பிள்ளை. பெயர் இசக்கியம்மாள், மூன்றாம் வகுப்பு. அப்பனுக்கு ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் கட்டட வேலை கிடைத்துக் குடும்பத்தோடு அங்கே போய்விட்டார்கள். போன் எடுக்கவில்லை.

நான் "ஓ" என்றேன். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். யோசித்து வைத்தபோது மணி அடித்துவிட்டது. மணியென்றால் எனக்குக் கை தானாக எழும்பும். எழுந்து போய்ப் பார்த்தால் வேறு ஆள் அடித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீச்சர் ஹாஜர் புத்தகத்தோடு கழக்கூட்டத்துக்குக் கிளம்பினார். "தனியாப் போக வேண்டாம், மாஷைக் கூட்டிண்டு போ" என்றார் வெங்கிட்டு. எனக்குத் துணை வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது.

பஸ்ஸில் முன் வாசலால் ஏறி, காலியாக இருந்த முதல் சீட்டில் உட்கார்ந்தேன். சுற்றிப் பார்த்தால் எல்லாம் பெண்கள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். வெளிநாட்டு ஆள் என்று எப்படியோ தெரிந்துகொண்டார்கள் என்று நினைத்துச் சிரித்து வைத்தேன்.

"சேட்டா, லேடீஸ் சீட்! பொறகோட்டு, பொறகோட்டு!" என்று கண்டக்டர் கத்தினார்.

பின்னால் போனேன். சிரித்ததுதான் தப்பு.

கழக்கூட்டத்தில் கண்ணாடிக் கட்டடங்கள் மலை மாதிரி நிற்கின்றன. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் ரோட்டைக் கடந்தார்கள். அட்டையில் அவர்கள் பெயர். எனக்குப் பிடித்திருந்தது. யார் என்று கேட்டால் பேசவே வேண்டாம், அட்டையைக் காட்டினால் போதும்.

கண்ணாடிக்குப் பின்னால் சேறு. சேற்றுக்கு அந்தப் பக்கம் தகரக் கொட்டகை, வரிசையாக. பார்த்ததும் கால் நின்றுவிட்டது. எங்கள் லயம் மாதிரியே இருந்தது. லயம் என்பது தோட்டத்தில் எங்களுக்குக் கொடுத்த வரிசை வீடு. அது கல்லில் கட்டியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இசக்கியின் அப்பா சிமெண்டுக் கையோடு வந்தார். "டீச்சரம்மா, எங்களுக்கு மட்டும் ஆசை இல்லியா? நான் ஆறரைக்கு வேலைக்கு ஏறிருவேன். அவ அம்மை கிழக்கேக்கோட்டையில ஹோட்டல்ல பாத்திரம் கழுவுதா. அவளும் ஆறு மணி பஸ்ஸு. பள்ளிக்கூடம் தொறக்குறது ஒம்பதுக்கு மேல. மூணு மணி நேரம் பொட்டப் பிள்ளைய எங்கன கொண்டு நிறுத்த?"

"எங்காத்துல நிறுத்துங்கோ."

அவர் டீச்சரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன், வீடு என்னுடையது மாதிரி.

"அவ அம்மா வேலைக்குப் போற வழியில ஆறரைக்குக் கொண்டு விடட்டும். தோசை தின்னுட்டு என்னோட ஸ்கூலுக்கு வருவா. சாயங்காலம் அவ அம்மா வந்து அழைச்சிண்டு போகட்டும். திங்கக்கிழமை மட்டுமில்லே, எல்லா நாளும்."

"செரி டீச்சரம்மா. ஏட்டீ இசக்கி, வெளிய வா. டீச்சர் வந்திருக்காவ."

வரவில்லை. நாலு வீட்டில் தேடினார்கள். நான் தேடவில்லை. புத்தகமும் கையுமாக ஒரு ஆள் கொட்டகைப் பக்கம் வந்தால் சின்னப் பிள்ளை எங்கே ஒளியும் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். இருந்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் குந்தினேன். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்தாள். அவளுக்குக் கொசு தாங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் டீச்சர், "மாஷ் என்னவோ வித்தை வெச்சிருக்கார்" என்று வெங்கிட்டிடம் சொன்னார். நான் மறுக்கவில்லை. அது என் தப்பு. பிறகு வருகிறது.

சனிக்கிழமை எங்களுக்கு மரியாதை செய்தார்கள். பொன்முடிக்குக் கூட்டிப்போய்த் தேயிலைத் தோட்டம் காட்டுவதாக ஏற்பாடு. அதிபர் அம்மா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ராஜப்பன் எங்கிருந்தோ ஒரு வேன் கொண்டுவந்தார். ரோடு வளைந்து வளைந்து போனது. கல்லாற்றில் வேனை நிறுத்தச் சொல்லி ஆற்றங்கரையில் வாந்தியெடுத்தேன்.

ராஜப்பன் முதுகைத் தடவினார். "எந்தா மாஷே, மலைக்காரர் இல்லையா நீங்க? மலையே இனிதானே தொடங்கும்."

ஆற்றங்கரைக் கடைக்காரம்மா எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "சாரமில்லை, பரவாயில்லை, எல்லா வண்டியிலயும் ஒருத்தர் உண்டு" என்றார். அதற்குள் போலீஸ்காரர் ஒருவர் வந்து, மேலே மண் சரிந்திருக்கிறது, போக முடியாது என்றார். டீச்சருக்கு வருத்தம். ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. மழையில் நின்று கட்டன் சாயா குடித்தோம். தேயிலை பார்க்கப் போய்த் தேயிலை பார்க்காமல் திரும்பினோம். எனக்கு நஷ்டமில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதிபர் அம்மா கோயிலுக்கும் சேலைக் கடைக்கும் போனார். நான் பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் மேட்டுப் பாத்தி போட்டேன். மழைக்காலத்தில் பாத்தியை உயர்த்தாவிட்டால் விதை அழுகும். அது ஒன்றுதான் நான் அந்த நாட்டுக்குக் கொண்டுபோன படிப்பு. பாத்திக்குப் பக்கத்தில் வாழைமரங்கள். மூலையில் கறுப்புத் தண்ணீர் டாங்கி. அதற்கு அந்தப் பக்கம் சந்துக்குப் போகும் சின்னக் கேட். சந்தைத் தாண்டினால் சாயாக்கடை. இதெல்லாம் பிறகு வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

இரவு டீச்சருக்குப் போன் வந்தது. கொடைக்குப் போன அக்கா தங்கை வந்துவிட்டார்கள். அண்ணன் தம்பிக்குக் காய்ச்சல் விட்டது.

திங்கட்கிழமை ஆறரைக்கு இசக்கி வந்தாள். அவள் அம்மா வாசலிலேயே விட்டுவிட்டு ஓடினார். நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து தோசை தின்றோம். ஏழு மணி முதல் ஒன்பது மணிவரை இருவரும் பேசியது மொத்தம் ஒரு வார்த்தை. "சட்னி." சொன்னது அவள்.

பள்ளிக்கூடத்தில் எல்லாரும் வந்திருந்தார்கள். டீச்சர் இரண்டு தடவை எண்ணினார். முப்பத்தொன்று. அவர் முகத்தை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். சின்ன வயசு.

"ஆஃபீஸர் மத்தியானத்துக்கு மேலத்தான் வருவார். மழையோன்னோ. மாஷே, நீங்க மூணாம் கிளாஸைக் கூட்டிண்டு போய் விதை போடுங்கோ. வந்தா நான் கூப்பிடறேன்."

மூன்றாம் வகுப்பு ஒன்பது பேர். இசக்கியும் அதில்தான். வெண்டை விதை கொடுத்தேன். மூக்கைப் பிடித்தவன் உட்பட எல்லாரும் சேற்றில் இறங்கினார்கள். பத்தரை மணி இருக்கும்.

முன்வாசல் கேட்டைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, குடை, கக்கத்தில் நீளப் புத்தகம். நடந்துகொண்டே பேனாவைத் திறந்தார்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. ஆஃபீஸர் வருவார், எண்ணுவார் என்று டீச்சர் மூன்று தடவை சொல்லியிருந்தார். தலைக்குத் தெரியும். காலுக்குத் தெரியவில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது லயத்துக்கு நீளப் புத்தகத்தோடு ஒருவர் வந்தால் அம்மா எங்களைத் தேயிலைக்குள் விரட்டுவாள். நான் என் பிள்ளைகளையும் அப்படித்தான் விரட்டினேன், காரணம் எல்லாம் போன பிறகும்.

"ஒளிங்க" என்றேன். "நான் கூப்பிடாம யாரும் வெளிய வரக் கூடாது."

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். வாழைக்குப் பின்னால், டாங்கிக்குப் பின்னால், ஒரு நொடியில் யாரும் இல்லை. நானும் டாங்கிக்குப் பின்னால் குந்தினேன். அந்த இடம் போதாது என்று தோன்றியது. பிள்ளைகளுக்குக் கையைக் காட்டினேன். குனிந்தபடி வந்தார்கள். சின்னக் கேட்டைத் திறந்து சந்தைத் தாண்டிச் சாயாக்கடைக்குள் போய்விட்டோம். எண்ணவில்லை. எண்ணுவது எனக்குப் பிடிக்காத வேலை.

கடைக்குள் கூட்டிப்போய்ச் சும்மா உட்காரவைக்க முடியுமா? ஒன்பது பழம்பொரி சொன்னேன். நேந்திரம்பழத்தை நீளமாகச் சீவி மாவில் தோய்த்துப் பொரித்தது, என் கை நீளம். ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். தட்டில் ஒன்று மிஞ்சியது. கடைக்காரர் கணக்குத் தப்பு என்று நினைத்து நானே தின்றேன். நன்றாக இருந்தது.

கையைத் துடைக்கும்போது ராஜப்பன் ஓடி வந்தார். மழையில் நனைந்து மூச்சு வாங்கியது.

"மாஷே! இது எந்தா பணி? ஸ்கூல் முழுக்கத் தேடியாச்சு. டீச்சர் அங்க நின்னு கரையறாங்க!"

"எதுக்கு அழறாங்க?"

"ஆஃபீஸர் எண்ணியாச்சு. இருபத்திரெண்டு!"

அப்போதுதான் காலுக்கும் தெரிந்தது.

ஓடினோம். இந்த வயசில் நான் ஓடியதைச் சந்து முழுக்கப் பார்த்தது. மூன்றாம் வகுப்பு வாசலில் டீச்சர் நின்றார். அழுகை நின்றிருந்தது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதிபர் அம்மா என்னைப் பார்த்த பார்வையை மட்டும் எழுத மாட்டேன். அவர்தான் இந்தப் பயணக் கட்டுரையைத் திருத்தப் போகிறவர்.

ஆஃபீஸர் புத்தகத்தை மூடிக்கொண்டிருந்தார். மலையாளி. தமிழ் பேசினால் புரியும், பதில் பாதிப் பாதி.

"எழுதியாச்சு. இன்னும் மூணு ஸ்கூல் உண்டு எனக்கு. எண்ணும்போ இல்லாத்த குட்டிகள் பின்னெ எங்கேருந்து வந்தது? எல்லா ஸ்கூலிலும் இது ஸ்திரம், எப்பவும் உள்ளது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்தறது."

"ஐயோ சார், அப்படிக் கிடையாது" என்றார் டீச்சர்.

நான் முன்னால் போனேன். வாயில் எண்ணெய் இருந்தது. துடைத்துக்கொண்டேன்.

"நான்தான் ஒளிச்சேங்க."

"என்னத்துக்கு?"

"உங்களைப் பார்த்துங்க."

ஆஃபீஸர் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார்.

"எங்க ஊர்ல புத்தகத்தோட வந்து எண்ணுவாங்க. எண்ண வந்தா பிள்ளைகளை ஒளிச்சிருவோம்."

"எண்ணி என்ன செய்வாங்க?"

"இந்தியாவுக்கு அனுப்பிருவாங்க."

ராஜப்பன் சிரித்துவிட்டார். ஆஃபீஸர் சிரிக்கவில்லை.

"யாரையாவது அனுப்பினாங்களா?"

"எங்க பெரியப்பா குடும்பத்தை. ஏழு பேர். எங்க இருக்காங்கன்னு தெரியாதுங்க."

அந்த ஒரு வாரத்தில் நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

ஆஃபீஸர் புத்தகத்தைத் திரும்பத் திறந்தார். பிறகு பேனா மூடியைக் கழற்றினார். "ஹாஜர் புத்தகம் எடுங்க. எல்லாரும் வராந்தால வரி நில்லுங்க. பேர் விளிச்சு ஒண்ணு ஒண்ணா எண்ணுவேன். ஒரு தடவைதான்."

பெயர் கூப்பிட்டு எண்ணினார். முப்பது.

"இசக்கியம்மாள்" என்றார். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார்.

டீச்சர் என்னைப் பார்த்தார். எனக்கு மிஞ்சிய பழம்பொரி ஞாபகம் வந்தது. கடைக்காரர் கணக்கு சரிதான்.

எல்லாரும் பின்பக்கம் ஓடினார்கள். "இசக்கீ! எடி இசக்கீ!" டீச்சர் கூப்பிட்டார், பிள்ளைகள் கூப்பிட்டார்கள், ராஜப்பன் இரண்டு மொழியிலும் கூப்பிட்டார். பதில் இல்லை. நான் டாங்கிக்குப் பின்னால் போனேன். டாங்கிக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி, உள்ளே இருட்டு. அங்கே சட்டையின் ஓரம் தெரிந்தது. என் வித்தை இருக்கிறதே என்று ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் குந்தினேன். மழை கழுத்தில் இறங்கியது. அவள் அசையவில்லை. ஆஃபீஸர் குடையோடு வந்து நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேரமாச்சு மாஷே."

வித்தை என்று ஒன்றும் இல்லை என்று அப்போது உறுதியானது. பிறகுதான் உறைத்தது. நான் கூப்பிடாமல் வரக் கூடாது என்று சொல்லியிருந்தேன். மற்றப் பிள்ளைகளுக்குக் கை காட்டினேன். இவள் ஒளிந்த இடத்துக்குக் கை தெரியாது. ஊரே கூப்பிட்டது, நான் கூப்பிடவில்லை. அன்று அந்தப் பள்ளிக்கூடத்தில் சொன்னதைச் சொன்னபடி செய்தது அவள் ஒருத்திதான்.

"இசக்கி, வா" என்றேன்.

உடனே வந்தாள். தலை முழுக்கப் பாசி. "எல்லாரும் தின்னாச்சா?" என்று கேட்டாள். பழம்பொரி வாசம் அவ்வளவு தூரம் வந்திருக்கிறது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். அவள் விடவில்லை. அதனால் வரிசையின் கடைசியில் அவள் பக்கத்தில் நானும் நின்றேன்.

ஆஃபீஸர் முதலிலிருந்து எண்ணினார். பேனா ஒவ்வொரு தலைக்கு மேலாக நகர்ந்து வந்தது. இருபத்தொன்பது, முப்பது. இசக்கிக்கு மேல் வந்தது. என் தலைக்கு மேலும் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒளியவில்லை.

"முப்பத்திரெண்டு" என்றார் ஆஃபீஸர்.

"சார், கடைசி ஆள் மாஷாக்கும்" என்றார் அலமேலு டீச்சர். அவர் குரலில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து இருந்தன.

"மாஷ் மாறி நில்லுங்க."

தள்ளி நின்றேன். அவர் அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்.

முப்பத்தொன்று.